1584ல் ஏது ஷாம்பெயின்?

ஏரிக்கரை: நேற்று ஒருவர் "உலகின் மிகப் பழைய ஷாம்பெயின் நிறுவனம் கோசெட், 1584" என்று எழுதி நாற்பது லைக் அள்ளிவிட்டார். ஷாம்பெயின் என்றால் நுரைக்கிற ஒயின்; 1584ல் பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்து ஆயி ஊரில் பியேர் கோசே விற்றது நுரையே இல்லாத ஒயின் ஐயா! நுரைக்கிற சரக்குக்கென்றே தொடங்கிய முதல் கடை ரான்ஸ் நகரத்து ருயினார், 1729.

கார்க்குத்திருகி: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்ல வாய் கூசுகிறதோ? 1584 முந்தியா, 1729 முந்தியா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ஏரிக்கரை: கோசே வீட்டாரே "ஷாம்பெயின் வட்டாரத்தின் மிகப் பழைய ஒயின் நிறுவனம்" என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். ஒயின்! அவர்களுக்கே இல்லாத துணிச்சல் உங்களுக்கு.

கார்க்குத்திருகி: 1584.

மழைத்துளி: நிக்கோலா ருயினார் ஜவுளி வியாபாரி. துணி வாங்கியவர்களுக்குப் புட்டியை இனாமாகக் கொடுத்தவர். இது ஷாம்பெயின் நிறுவனமா, ஆடித் தள்ளுபடியா?

ஏரிக்கரை: சிரிப்பு வரவில்லை. 1728 மே 25 அன்றுதான் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி இந்த ஒயினைப் புட்டியில் அனுப்ப அனுமதி கொடுத்தார். அதுவரை பீப்பாய். பீப்பாயில் நுரை தங்குமா? மறு வருடமே ருயினார் கணக்குப் புத்தகம் போட்டார். சில வருடங்களில் ஜவுளியையே விட்டுவிட்டார். இனாமாம்!

பழையசோறு: டொம் பெரிஞ்யோன் சாமியார் கண்டுபிடித்ததற்கு நீங்கள் இருவரும் ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்?

ஏரிக்கரை: வந்துவிட்டார். அவர் 1715லேயே போய்ச் சேர்ந்தார். நுரை வரக்கூடாது என்று பாடுபட்டவர் அவர். 1662லேயே லண்டனில் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேய மருத்துவர், சர்க்கரை சேர்த்து நுரைக்க வைப்பதை எழுதிவிட்டார்.

பழையசோறு: துறவியைப் பற்றி மரியாதையாகப் பேசவும்.

மலைப்பாதை: ருயினார் ஒயின் சேமித்து வைக்கிற சுண்ணாம்புக்கல் குகைக்குள் நான் இறங்கியிருக்கிறேன். 38 மீட்டர் ஆழம். மேலே வெயில் கொளுத்துகிறது, கீழே எனக்குப் பல் கிட்டுகிறது. சுவரைத் தொட்டால் விரலெல்லாம் வெள்ளை ஈரம்.

கார்க்குத்திருகி: பயணக் கட்டுரைக்குத் தனித் திரி இருக்கிறது.

ஏரிக்கரை: அவரையாவது பேச விடுங்கள். போன மாதம் ஃபில்டர் காபித் திரியை இழுத்து மூட வைத்ததும் நீங்கள்தானே? அப்புறம், அது கோசெட் இல்லை, கோசே. கடைசி 'ட்' ஒலிக்காது.

கார்க்குத்திருகி: காபித் திரியில் சிக்கரி வேண்டாம் என்று யார் சொன்னது? ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது, போடட்டுமா?

ஏரிக்கரை: போடுங்கள். போட்டுவிட்டு 1584ல் விற்ற ஒரு புட்டியில் நுரை இருந்ததையும் காட்டுங்கள்.

மழைத்துளி: சிக்கரி அவசியம் வேண்டும்.

கார்க்குத்திருகி: 1584.