ஒரே சிவரஞ்சனி ராகம்: ஒருவருக்குக் கண்ணீர், இன்னொருவருக்குக் கொட்டாவி. ஏன்?

கேள்வி (தம்புரா): ஒரே ஆலாபனைக்கு ஒருத்தர் கண்ணைத் துடைக்கிறார், பக்கத்து நாற்காலிக்காரர் கொட்டாவி விடுகிறார். சோகம் ராகத்தில் இருக்கா, கேட்கிறவரிடமா? "ரசனை" என்று மட்டும் சொல்லி முடிச்சிடாதீங்க.

ஸ்ருதிப்பெட்டி: ராகத்தில் கொஞ்சம் இருக்கு. கீபோர்டில் மூன்று கறுப்புக் கட்டை சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை ஸட்ஜமாக (ஸ) வையுங்க. அங்கிருந்து ஐந்து கறுப்புக் கட்டைகளையும் வரிசையாக வாசித்தால் மோகனம், உற்சாகமான ராகம். மூன்றாவது கறுப்புக்குப் பதில் அதன் இடப்பக்கத்தை ஒட்டிய வெள்ளைக் கட்டையைத் தொட்டால் சோகமான சிவரஞ்சனி. மாறியது காந்தாரம் (க) மட்டும்தான்.

எல்லாரும் சறுக்குவது வேகத்தில். சிவரஞ்சனி என்றதும் கை தானாக மெதுவாகிவிடும். அப்புறம் உருக்கியது ஸ்வரமா, வேகமா என்று பிரிக்கவே முடியாது. மெட்ரோனோமை (வேகம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ராகத்தின் பெயரைச் சொல்லாமல் இரண்டையும் வாசித்துக் காட்டுங்க.

விளம்பகாலம்: பெயர் சொல்லக்கூடாது என்பது ரொம்பச் சரி. "முகாரி பாடுறான்" என்பது புலம்பலுக்கே பெயராகிவிட்டது. ஆனால் தியாகராஜரின் 'எந்தனினே' முகாரிதான். சபரியின் பாக்கியத்தை வியக்கிற பாட்டு, அழுகை எங்கே இருக்கு? பாதி சோகம் நாம் பழகிய சினிமாக் காட்சிகளிலிருந்து வருவது.

பழக்கத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தார ஸட்ஜத்தை (மேல் ஸ) தொடாமல் பாடகர் அதற்கு முந்தைய தைவதத்திலேயே (த) நின்று இழுக்கிறார். ராகம் பழகியவருக்கு அந்தக் காத்திருப்பிலேயே மயிர்க்கூச்செறியும். 2011-இல் வந்த மூளை ஸ்கேன் ஆய்வில், பிடித்த இசையின் உச்சத்துக்குச் சற்று முன்பே மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் (இன்பத்தோடு தொடர்புடைய வேதிப்பொருள்) சுரந்தது, உச்சத்தில் வேறொரு பகுதியில். எதை எதிர்பார்ப்பது என்றே தெரியாதவருக்குக் காத்திருப்பு ஏது?

நரம்பியல்_மாணவி: சோகத்தை அடையாளம் காண்பது வேறு, சோகம் உண்டாவது வேறு. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டதைப் பாருங்க. சிலர் "இது சோகமான இசை" என்று சரியாகவே சொன்னார்கள். ஆனால் இதயத்துடிப்பிலும் தோலின் மின்கடத்தலிலும் அசைவில்லை. காசு ஜெயிக்கும் விளையாட்டில் அவர்களுக்கும் எல்லாரையும் போலவே உற்சாகம். ஆக, உணர்ச்சியற்றவர்கள் இல்லை. 2016-இல் ஸ்கேன் எடுத்தபோது, மூளையில் ஒலியை உணரும் பகுதிக்கும் இன்பம் தரும் பகுதிக்கும் இடையே இசை நேரத்தில் தொடர்பு குறைந்திருந்தது.

தம்புரா: அப்போ நம்ம கொட்டாவிக்காரர் அந்த ரகமா?

நரம்பியல்_மாணவி: அவசரப்படாதீங்க, அது சிலருக்குத்தான். அதைக் கண்டுபிடிக்க 20 கேள்விகள் கொண்ட படிவமே இருக்கு. அதற்கு முன்னால், மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தாரா என்று கேளுங்க.