கீழ்ப்பாக்கம் வாட்டர் ஒர்க்ஸ் எப்ப கட்டினது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஆவடிரோடு_பைக்:
தினம் நியூ ஆவடி ரோட்டுலதான் வேலைக்கு போறேன், வாட்டர் ஒர்க்ஸ் காம்பவுண்ட் பக்கம் வரும்போதெல்லாம் உள்ள இருக்கிற பழைய கட்டடங்கள எட்டிப் பாக்காம தாண்டுறதில்ல. யாரு கட்டினது, இன்னும் ஓடுதா?

ஏழுகிணறு_பேரன்:
1914 தம்பி. மாநகராட்சியோட இன்ஜினியர் மேட்லி டிசைன் பண்ணது, தி.நகர் மேட்லி ரோடு அவர் பேருதான். ஆனா கத அதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. 1772ல எங்க ஏரியா ஏழு கிணத்துலேர்ந்து கோட்டைக்கு தண்ணி போச்சு, ஊருக்கு பெருசா ஒண்ணும் இல்ல. 1872லதான் கொசஸ்தலை ஆத்து தண்ணிய தாமரைப்பாக்கத்துல தடுத்து, சோழவரம், செங்குன்றம் ஏரி வழியா திறந்த மண் கால்வாய்ல கீழ்ப்பாக்கம் வரைக்கும் கொண்டாந்தாங்க. அங்கேர்ந்து இரும்பு குழாய்ல, பம்பு கிடையாது, மேட்டுலேர்ந்து தானா எவ்ளோ ஓடுதோ அவ்ளோதான், வடிகட்டுறதும் கிடையாது. நாப்பது வருஷத்துக்கு மேல ஏரித்தண்ணிய அப்படியே குடிச்சிருக்காங்கன்னு நெனச்சா மனசு பதறுது, காலரா காலம் வேற.

மணல்படுகை:
மேட்லி அததான் மாத்தினாரு. திறந்த கால்வாய்க்கு பதிலா மூடின கால்வாய், கீழ்ப்பாக்கத்துல மணல் ஃபில்டர், சுத்தமான தண்ணிக்கு தரைக்கடியில தொட்டி, அதுலேர்ந்து ஏத்த ஸ்டீம் பம்பு. மணல் ஃபில்டர்ல வேலை செய்யறது வெறும் மணல் இல்லீங்க, மேலாப்புல சளி மாதிரி ஒரு படலம் பிடிக்கும், அதுல இருக்கிற உயிருங்கதான் கிருமிய தின்னுது. படலம் தடிச்சு தண்ணி இறங்காம போனா படுகைய காயவிட்டு, மேல் மணல மெல்லிசா சுரண்டி எடுக்கணும். எங்க தாத்தா அந்த மாதிரி வேலைதான் பாத்தாரு, வெயில்ல பலகை போட்டு நின்னு சுரண்டுவோம்னு சொல்வாரு, அவர் கைய நெனச்சாலே எனக்கு அந்த எடத்து மேல ஒரு மரியாதை.

பழையசுவர்:
ஸ்டீம் இன்ஜின் நிக்கிற ஹால்னா கூரை ஒசரமா வேணும், பார்ட்ஸ கழட்டி தூக்கணும்ல, சூடு போக பெரிய ஜன்னலும் வேணும். பழைய பம்ப் ஹவுஸ் பாத்தா கோயில் மண்டபம் மாதிரி தோணுறது அதனாலதான், அலங்காரம் அப்புறம் வந்தது.

ஆவடிரோடு_பைக்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். உள்ள போய் பாக்க விடுவாங்களா?

ஏழுகிணறு_பேரன்:
இன்னிக்கும் ஊருக்கு தண்ணி சுத்தம் பண்ற எடம் தம்பி, பெர்மிஷன் இல்லாம கஷ்டம், எழுதி கேட்டுப் பாரு. அதுவரைக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை செங்குன்றம் ஏரிக்கரைக்கு போ, தண்ணி எடுக்கிற ஜோன்ஸ் டவர் அங்கதான் நிக்குது.