மருத்துவ அட்டை இருந்தும் மாத்திரைக்குக் கைக்காசு: மலேசியாவின் சுங்கை சிப்புட் அனுபவங்கள்

பால்மரத்துப் பேத்தி:
காப்புறுதி நிறுவனம் தரும் மருத்துவ அட்டையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்பாவுக்கு இருதயக் குழாய் அடைபடாமல் திறந்திருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழலை வைத்தார்கள்; அந்தச் செலவையும் அதன் பிறகு மூன்று மாத மாத்திரைச் செலவையும் காப்புறுதி நிறுவனமே ஏற்றுக்கொண்டது. நான்காம் மாதத்தின் 312 வெள்ளி (ரிங்கிட்) ரசீது திரும்பி வந்துவிட்டது. வீடு திரும்பிய 90 நாளோடு அந்தச் சலுகை முடிகிறது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். முகவரோ "எல்லாவற்றுக்கும் செல்லும்" என்றுதான் சொல்லியிருந்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால், இரத்தம் உறையாமலிருக்கத் தினம் ஒன்று சாப்பிட வேண்டிய குளோபிடோகிரெல் மாத்திரையின் அட்டையைப் பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது ஐந்து மாத்திரைதான் குறைந்திருந்தது. முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் மரம் தாங்கும் என்ற கணக்கையே தம் உடம்புக்கும் போட்டிருக்கிறார்.

காண்டா வாளி:
உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனாலும் முகவர் மீது மட்டும் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மருத்துவ அட்டை என்பது பெரும்பாலும் மருத்துவமனையில் படுப்பதற்கான காப்புறுதி. வெளிநோயாளிச் செலவில் புற்றுநோய் சிகிச்சை, சிறுநீரக டயாலிசிஸ் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே அது செல்லும் என்பதும், ஆயுள் முழுக்கச் சாப்பிடும் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகள் அதில் சேராது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆனது, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, தனியார் மருத்துவரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கி அப்பாவை அரசாங்க மருத்துவமனையில் பதிந்துகொள்வது. தனியார் சீட்டை அங்கே நீட்டினால் மருந்து கிடைக்காது, அவர்களுடைய மருத்துவர்தான் எழுத வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்துக்குள் மருந்தும் அடக்கம். ஈப்போவில் எழுதித் தந்தாலும் மீதி மாதங்களுக்கான மருந்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே எடுக்க எஸ்பியூபி என்ற ஏற்பாடு இருக்கிறது, தபாலில் வரவழைக்கவும் வழியுண்டு. அதுவரை கைக்காசில் வாங்குவதானால், அதே மருந்து வேறு நிறுவனத் தயாரிப்பாக விலை குறைவாக (ஜெனரிக்) உண்டா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதால், விலை கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

லயத்து வீடு 14:
எல்லாரும் விலையையே பேசுகிறீர்கள். என் மாமியார் ஒரு தனியார் கிளினிக்கில் இரத்த அழுத்தத்துக்கு நார்வாஸ்க் என்ற மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். அரசாங்கக் கிளினிக்கில் அம்லோடிபின் கொடுத்தார்கள். இரண்டும் 10 மில்லிகிராம். பெட்டி வேறு, நிறம் வேறு என்பதால் இரண்டையும் தவறாமல் சாப்பிட்டார். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனபோது, நடந்து நடந்து வந்த வீக்கம் என்று நாங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். கடைத்தெருவில் ஒரு மருந்தகத்துக்கு இருமல் மருந்து வாங்கப் போனோம். அங்கிருந்த பெண் மருந்தாளர், "வேறு என்னம்மா சாப்பிடுகிறீர்கள், பையைக் கொட்டுங்கள்" என்றார். இரண்டு அட்டைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நார்வாஸ்க் என்ற பெரிய எழுத்துக்குக் கீழே சிறியதாக இருந்த அம்லோடிபின் என்ற பெயரின்மேல் நகத்தை வைத்துக் காட்டினார். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம்தான் உச்ச அளவு என்றும், கால் வீக்கம் இந்த மருந்தால் வரக்கூடியதுதான் என்றும் சொல்லி, கிளினிக் மருத்துவருக்கு ஒரு குறிப்பும் எழுதித் தந்தார். இருமல் மருந்தைத் தவிர வேறு எதற்கும் அவர் காசு வாங்கவில்லை. இரண்டு கடை தள்ளி மாத்திரை மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அங்கே மருந்தாளரின் உரிமம் சுவரில் தொங்குகிறதே தவிர, ஆளைப் பார்ப்பது அரிது. மருந்தாளர் இல்லாத நேரத்தில் மருத்துவச் சீட்டுக்குரிய மருந்தைக் கடைப் பையன் எடுத்துத் தருவது சட்டப்படி தவறு.

பால்மரத்துப் பேத்தி:
காண்டா வாளி அவர்களே, ஒப்பந்தத்தில் இருக்கும் என்கிறீர்கள். அந்த ஒப்பந்தம் ஐம்பது பக்கத்துக்கு மேல், முழுக்க ஆங்கிலம். அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் முகவர்தான் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். பரிந்துரைக் கடிதத்தைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, அதை வாங்கிவிட்டேன். லயத்து வீடு 14 சொன்னதைப் படித்த பிறகு அப்பாவின் மாத்திரைப் பையை நானும் கொட்டிப் பார்த்தேன். பெயர் தேய்ந்துபோன அட்டை ஒன்று இருக்கிறது, எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் மருந்தாளரின் மருந்தகம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?