எட்டுப் புள்ளிக் கடனோடு தொடங்கிய சீசன்: தோருன் ஸ்பீட்வே அணி, 2013–2014

கேட்டவர்: வளைவுக்காரன்

அனைவருக்கும் வணக்கம். இருங்காட்டுக்கோட்டையில் தார்த் தடப் பந்தயங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, பிரேக்கே இல்லாத வண்டிகளில் நான்கு பேர் மண் தடத்தை நான்கு முறை சுற்றிவரும் ஸ்பீட்வே அண்மையில்தான் அறிமுகமாயிற்று. போலந்து லீகின் பழைய புள்ளிப் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 2014ஆம் ஆண்டில் தோருன் நகரத்து யூனிபாக்ஸ் அணி பூஜ்யத்தில் அல்ல, மைனஸ் எட்டில் தொடங்கியிருப்பதைக் கண்டேன். அவ்வளவு கடுமையான தண்டனை பெற அந்த அணி என்ன செய்தது? உலகச் சாம்பியன்கள் இருவரை வைத்திருந்தும், பதக்கச் சுற்றுக்குத் தகுதி தரும் முதல் நான்கு இடங்களுக்குள் அந்த அணி வராமல் போனதற்கு அந்த எட்டுப் புள்ளி மட்டும்தான் காரணமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: மண்வாசனை

இதற்கான விடை 2014இல் இல்லை. 2013 செப்டம்பர் 22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. அன்று ஃபாலுபாஸ் அணியின் சொந்த ஊரான ஜெலோனா கூராவில், அந்த அணிக்கு எதிரான லீக் இறுதிப்போட்டியின் இரண்டாம் பகுதி நடக்கவேண்டியிருந்தது. தோருனில் நடந்த முதல் பகுதியில் யூனிபாக்ஸ் சொற்ப வித்தியாசத்தில் முன்னிலை பெற்றிருந்தது. ஆனால் முந்தைய நாள் இரவு, தனிநபர் உலகச் சாம்பியன் தொடரின் ஒரு சுற்றான ஸ்டாக்ஹோம் கிராண்ட் பிரீயில் தோமஷ் கோலோப் விழுந்து காயமடைந்தார். 2010ஆம் ஆண்டின் உலகச் சாம்பியனான அவர்தான் அந்த அணியின் முதுகெலும்பு. 2012ஆம் ஆண்டின் உலகச் சாம்பியனான கிறிஸ் ஹோல்டரோ, இங்கிலாந்து லீக் போட்டியொன்றில் பலத்த அடிபட்டு ஜூலை மாதத்திலிருந்தே படுத்திருந்தார்.

இங்கே ஒரு விதியைச் சொல்லவேண்டும். முக்கிய வீரர் ஒருவர் காயத்தால் வரமுடியாவிட்டால், அவர் ஓடவேண்டிய ஓட்டங்களை அணியின் மற்ற வீரர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு போட்டியில் ஒரே ஒரு வீரருக்குத்தான் அந்தச் சலுகை உண்டு. அது ஹோல்டருக்காக ஏற்கெனவே செலவாகியிருந்தது. ஆகவே கோலோப்பின் இடத்தில் பலவீனமான ஒருவரை இறக்குவதைத் தவிர தோருனுக்கு வேறு வழியில்லை. அதற்கு மனமில்லாமல் அவர்கள் ஓடவே மறுத்துவிட்டார்கள். அரங்கம் நிறைந்த கூட்டம் காத்திருக்க, 40–0 என்று வெற்றி ஃபாலுபாஸுக்கு வழங்கப்பட்டது. அது அவர்களுடைய ஏழாவது பட்டம். அந்த அணியின் யாரோஸ்வாவ் ஹாம்பெலும் பியோத்ர் புரோத்தாசியெவிச்சும் எதிராளியே இல்லாமல் சாம்பியன் ஆனார்கள். அபராதத் தொகையோடு அடுத்த சீசனுக்கான மைனஸ் எட்டும் தோருனின் தலையில் விழுந்தது.

பதில்: இடப்பக்கத் திருப்பம்

விவரங்களில் பிழையில்லை, ஆயினும் தோருன் பக்கத்தையும் சற்றுப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். இது ஐநூறு சிசி எஞ்சினில் மெத்தனால் எரித்து, ஒரே கியரில், வளைவுதோறும் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு ஓட்டும் பந்தயம். கால்பந்தைப் போல மாற்று ஆட்டக்காரர்களை வரிசையாக உட்காரவைத்திருக்கும் விளையாட்டல்ல. சனிக்கிழமை இரவு ஒரு நாட்டில் உலகப் போட்டி, ஞாயிறு மாலை வேறொரு நாட்டில் லீகின் இறுதிப்போட்டி என்று அட்டவணை போட்டவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டு முழுவதும் உழைத்த ஓர் அணி, தன் இரண்டு பெரிய வீரர்கள் இல்லாமல் எதிரணியின் தடத்தில் பலியாடாக நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? மறுத்தது தவறு என்றே வைத்துக்கொள்வோம். அதற்கான விலையை அடுத்த ஆண்டின் புள்ளிகளில் வசூலிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில்: பதினைந்தாம் ஓட்டம்

அட்டவணை பற்றிய குறை நியாயமானது. “பலியாடு” என்பதை நான் ஏற்கமாட்டேன். தோருன் அணியில் டார்சி வார்ட் இருந்தார், அட்ரியான் மியெஜின்ஸ்கி இருந்தார். இதே மியெஜின்ஸ்கிதான் இரண்டு வாரம்கூட முழுதாகக் கழியாத அக்டோபர் 5ஆம் தேதி, தோருன் தடத்தில் நடந்த கிராண்ட் பிரீயில் சிறப்பு அனுமதி பெற்ற வீரராக நுழைந்து, உலகின் முன்னணி வீரர்களைப் பின்னுக்குத் தள்ளி வென்றார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு தடத்தில் இறங்கித் தோற்றிருந்தால், மரியாதையாவது மிஞ்சியிருக்கும். அணிக்கு இருவராக ஓடும் ஒரே ஓட்டத்தில் 5–1 என்று போட்டிக் கணக்கில் நான்கு புள்ளி புரளும் விளையாட்டில், இறங்காமலே முடிவைத் தீர்மானித்தது வீரர்களின் அச்சத்தைவிட நிர்வாகத்தின் கோபத்தைத்தான் காட்டியது என்பது என் கருத்து.

இனி வளைவுக்காரனின் இரண்டாவது கேள்வி. லீக் பட்டியலில் ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி என்பதால் மைனஸ் எட்டு என்பது நான்கு வெற்றிகளுக்குச் சமம்; லீக் சுற்றில் ஓர் அணிக்கு மொத்தமே பதினான்கு போட்டிகள்தான். இரண்டு சந்திப்புகளின் கூட்டுத்தொகையில் முந்துபவருக்கு ஒரு கூடுதல் புள்ளி உண்டு என்பதுதான் ஒரே ஆறுதல். கடனை அடைக்கவேண்டும் என்றே நிர்வாகம் கோலோப், ஹோல்டர், வார்ட், மியெஜின்ஸ்கி ஆகியோருடன் எமில் சைஃபுத்தினோவையும் சேர்த்துக்கொண்டது.

அந்தக் கோடையில் வேலை நிமித்தம் போலந்தில் இருந்த நான், தோருனின் மோட்டோஅரேனா அரங்கில் ஒரு போட்டியைப் பார்த்தேன். முதல் வளைவில் தெறித்த மண் என் சட்டையில் ஒட்டியது. கூரைக்குக் கீழே தங்கிய மெத்தனால் நெடி தொண்டையைக் கரகரக்க வைத்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், அங்கே பலரும் செய்வதைப் போல, நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்த பதினைந்து வரிசைக் கட்டத்தை ஓட்டத்துக்கு ஓட்டம் பேனாவால் நிரப்பிக்கொண்டே வந்தார். கடைசி ஓட்டம் முடிந்ததும் கூட்டுத்தொகையை எழுதினார். பிறகு ஓரத்தில் தனியாக இன்னொரு கணக்குப் போட்டார். பட்டியலில் நான்காம் இடத்துக்கு இன்னும் எத்தனை புள்ளி வேண்டும் என்ற கணக்கு அது. மற்ற ஊர்களில் வெற்றியைக் கொண்டாடுவார்கள், இங்கே வட்டி கட்டுகிறார்கள் என்று அப்போது தோன்றியது.

அப்படியும் எட்டவில்லை. லீக் சுற்று முடியும் தறுவாயில், ஆகஸ்ட் மாதம் லாத்வியாவில் நடந்த கிராண்ட் பிரீக்கு முன் மதுச் சோதனையில் தவறி வார்ட் தடைக்கு உள்ளானார். கோஷூஃப், லெஷ்னோ, தார்னூஃப் ஆகிய மூன்று ஊர்களின் அணிகளும் பதக்கங்களைப் பிரித்துக்கொண்டன. நான்காம் இடத்தில் நின்றது யார் தெரியுமா, அதே ஃபாலுபாஸ்! ஆக, எட்டுப் புள்ளிதான் பெரிய காரணம். அது மட்டுமே காரணம் என்று சொன்னால் வார்டின் தவறை மறைத்ததாகும்.

கேட்டவர்: வளைவுக்காரன்

மூவருக்கும் நன்றி. பட்டியலில் ஒரு கழித்தல் குறியாக மட்டும் தெரிந்ததற்குப் பின்னால் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. அடுத்த ஆண்டிலும் அதே அணி தொடர்ந்ததா?

பதில்: மண்வாசனை

இல்லை. புரவலர் விலகியதும் பெயரிலிருந்த யூனிபாக்ஸ் போயிற்று. 2015இல் புதிய உரிமையாளரின் கீழ் கேஎஸ் தோருன் என்ற பெயரில் அணி களமிறங்கியது. கோலோப் பக்கத்து ஊரான குருஜோந்ஸுக்குப் போனார். சைஃபுத்தினோவ் லெஷ்னோவுக்குச் சென்று அவ்வாண்டே பட்டம் வென்றார். தடை முடிந்து திரும்பிய வார்ட், ஃபாலுபாஸின் சட்டையையே அணிந்தார். 2015 ஆகஸ்ட் 23ஆம் தேதி, அதே ஜெலோனா கூரா தடத்தில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர், அதன்பின் பந்தயத்தில் ஓடவில்லை. “இடப்பக்கத் திருப்பம்” சொன்ன ஆபத்தை நான் மறுக்காததற்கு அந்த நாளும் ஒரு காரணம்.