மே மாத ராமேசுவரம்: காற்றடிக்கும் கரையில் எங்கே உட்காரலாம்?

மதுரைக்காரி:
மே இரண்டாவது வாரம் நாலு நாள் ராமேசுவரம் போகிறோம். நான், கணவர், எட்டும் ஐந்தும் வயதான இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். கோயிலுக்கு ஒரு காலை போதும். மற்ற நேரமெல்லாம் கடற்கரையில் பாயை விரித்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை. போன வருடம் தனுஷ்கோடியில் பதினொரு மணிக்குப் போய் இறங்கினோம். மணல் காலில் ஊசியாகக் குத்தியது. சின்னவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழ, பத்தே நிமிடத்தில் வேனில் ஏறிவிட்டோம். இந்தத் தடவை எங்கே, எந்த நேரம் போகலாம்?

பாம்பன் தம்பி:
அக்கா, நான் பிறந்து வளர்ந்ததே பாம்பன்தான். எங்கள் தீவுக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். வடக்கே பாக் விரிகுடா, பெண்கடல். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பிவிட்டால் தெற்கே அலை தூக்கி அடிக்கும். அதே நேரம் வடக்குக் கரையில் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும், தீவே காற்றுக்கு மறைப்பு. மார்கழி வாடையில் எல்லாம் தலைகீழ். அதனால் மே மாதம் பிள்ளைகள் விளையாட வடக்குக் கரை. சும்மா காற்று வாங்க தெற்குக் கரை, அதுவும் விடிந்ததும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், மணல் பறக்க ஆரம்பித்துவிடும்.

தனுஷ்கோடியைத் தாண்டி, தீவு முடியும் அரிச்சல்முனையில் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். நீரோட்டம் பொல்லாதது.

தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டாம். அங்கே குடிசை போட்டிருப்பவர்களிடம் ஊற்றைக் காட்டச் சொல்லுங்கள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், மணலில் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் கசியும். என் அப்பத்தா கொட்டாங்கச்சியால் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றுவார். அவசரப்பட்டு ஆழத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அந்தத் தண்ணீரின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

உச்சிப்புளி வாசகி:
மாமியாரும் வருவதால் அரியமானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவுக்கு முன்னாலேயே, மண்டபம் போகும் வழியில். அதுவும் வடக்குக் கடல்தான். வெகுதூரம் வரை முழங்கால் தண்ணீர், பின்னால் சவுக்கு நிழல். பாய் பறக்காமல் இருக்கக் கல் தேட வேண்டாம், நாலு துணிப்பையில் மணலை அள்ளி மூலைக்கு ஒன்று வையுங்கள். வழியில் நுங்கு வாங்கிக்கொள்ளுங்கள், சீசன்தான்.

பாம்பன் தம்பி:
அக்கா சொன்னது சரி. இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகில் வருவதுதான் கிடைக்கும். காலையில் கரைக்கே போனால் நகரை மீன் புதிதாக வாங்கலாம்.

மதுரைக்காரி:
போய் வந்துவிட்டோம்! நாலு நாளில் மூன்று நாள் அரியமானிலேயே கழிந்தது. மாமியார் சவுக்கு நிழலில் சேலைத் தலைப்பைக் காதோடு இறுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் தூங்கினார். வீட்டில் பகலில் கண் மூடவே மாட்டார். தனுஷ்கோடிக்கு காலை ஏழுக்கெல்லாம் போய்விட்டோம். ஊற்றையும் பார்த்தோம். ஒரு பாட்டி சின்னவள் கையில் கொட்டாங்கச்சியைக் கொடுத்து மொள்ளச் சொன்னார். குடித்துப் பார்த்துவிட்டு, கடலைத் திரும்பிப் பார்த்து, மறுபடியும் குடித்தாள்.