கல்லுப்பில் கடல்குதிரை: யார் காதில் பூச் சுற்றுகிறீர்கள்?

சூரமங்கலம் சால்ட்டு (இரவு 8.40)
முந்தாநாள் கப்பி மீன் திரியில் ஏற்காட்டார் போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதியது அப்படியே: "கடல் மீன் வளர்க்க அந்த விலை உசந்த உப்பெல்லாம் தண்டச் செலவு. என் தாய்மாமன் 1998-ல் ஏற்காட்டில் கடல்குதிரையைக் கல்லுப்பிலேயே ஒன்பது மாதம் வளர்த்தார்." அதற்குக் கீழே பதினோரு பேர் கைதட்டியிருக்கிறார்கள். பதினோரு பேர்!

நான் சேலத்தில் ஏழு வருடமாகக் கடல் தொட்டி வைத்திருக்கிறவன். நாலடித் தொட்டி, 300 லிட்டர். முதல் வருடம் எத்தனை மீன் செத்தது என்று வீட்டில்கூடச் சொன்னதில்லை. கொல்லையில் முருங்கை மட்டும் நன்றாகக் காய்க்கிறது, காரணம் எனக்குத் தெரியும். ஒரு சித்திரை மாதம் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டிவிட்டது. மோட்டார் ஓடவில்லை, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சொம்பில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றியபடி விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்தவனிடம் வந்து கல்லுப்பு என்கிறார்.

கல்லுப்பைக் கரைத்தால் கிடைப்பது ஊறுகாய்த் தண்ணீர். அது கடல் இல்லை.

ஏற்காட்டார் (9.05)
சூரமங்கலம் தம்பிக்கு வணக்கம். கப்பித் திரியில் பேசியதை இங்கே இழுத்து வந்து தனிப் பந்தல் போட்டதற்கு நன்றி.

வேதாரண்யத்தில் உப்பை என்ன ஆலையிலா செய்கிறார்கள்? கடல் தண்ணீரைக் காயவைத்தால் உப்பு. உப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர். இதற்குப் பக்கெட்டு பக்கெட்டாக வெளிநாட்டு உப்பை வாங்கிக் கொட்டுவது உங்கள் பாடு, உங்கள் பணம். நான் அதில் தலையிடவில்லை. ஒன்பது மாதம் உயிரோடு இருந்தது. கண்ணால் பார்த்தவன் நான். அப்போது எனக்கு 22 வயது, தொட்டில் குழந்தை இல்லை.

நீலத்தொட்டி (9.11)
புதுசாக வந்திருக்கிறேன். ஒரு சந்தேகம்ங்க. கல்லுப்பில் வளர்த்தார் என்றால் கல்லுப்பு மட்டுமா? இல்லை, கடல் தண்ணீரோடு கலந்தா?

கொண்டலாம்பட்டி கப்பீஸ் (9.14)
மலைமேல் காற்றே கம்மி. மீன் மூச்சு முட்டித்தான் செத்திருக்கும், உப்பு மேல் பழி போடாதீர்கள். எங்கள் ஊரில் கப்பி வாங்குங்கள், இருபது ரூபாய். செத்தாலும் இருபது ரூபாய்தான்.

அப்புறம் சூரமங்கலம் அண்ணா, 2019-ல் எனக்கு விற்ற ஸ்கிம்மர், அதான் தொட்டி அழுக்கை நுரையாக்கி எடுக்கிற சாதனம், ஞாபகம் இருக்கிறதா?

பரங்கிப்பேட்டையில் படித்தவள் (9.32)
ஏற்காட்டு அண்ணா, காயவைத்தால் உப்பு, கரைத்தால் கடல் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. உப்பளத்தில் நடப்பது வேறு. கடல் தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி வரும்போதே கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாக அடியில் படிந்துவிடும். உப்பளத்தார் கணக்கில் 25 டிகிரி அடர்த்தி வந்தபிறகுதான் சமையல் உப்பு பூக்கும். 29, 30-க்குப் போவதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். வடிக்காவிட்டால் உப்பு கசக்கும். அந்தக் கசப்பே மக்னீசியம்தான். பொட்டாசியமும் அதோடு போய்விடும். சமையலுக்கு எவ்வளவு நல்ல உப்போ, மீனுக்கு அவ்வளவு குறை.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். கல்லுப்பில் இவை பேருக்குத்தான் இருக்கும்.

இன்னொன்று, கல்லுப்புக் கரைசலில் ஆர்ட்டீமியா என்கிற பொடி உப்புநீர் இறாலின் முட்டை நன்றாகப் பொரியும். கடல்குதிரைக்குத் தீனியாக அதைப் பொரிக்கத்தான் உங்கள் மாமா கல்லுப்பு வைத்திருந்தாரோ என்னவோ.

சூரமங்கலம் சால்ட்டு (9.38)
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

பரங்கிப்பேட்டையில் படித்தவள் (9.40)
நீங்கள் ஊறுகாய்த் தண்ணீர் என்றுதான் சொன்னீர்கள்.

சூரமங்கலம் சால்ட்டு (9.44)
அதே பொருள்தான். படித்தவர்கள் நீட்டிச் சொல்வீர்கள், தொட்டி வைத்திருப்பவன் சுருக்கிச் சொல்வான். இருக்கட்டும்.

கப்பீஸ் தம்பி, காற்று விஷயத்தில் நீ சொல்வதும் தப்பு. ஏற்காடு 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் ஆறில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். மேல்மட்டத்தில் அலையடிக்க ஒரு மோட்டார் போட்டால் தீர்ந்தது. சொல்லப்போனால் சேலத்து வெயிலைவிட ஏற்காட்டுக் குளிர் நல்லது, தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லருக்கு நான் கட்டுகிற கரண்ட் பில் அங்கே மிச்சம். மலைமேல் கடல் மீன் வளர்க்க முடியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. கல்லுப்பில் முடியாது. கல்லுப்பு. கல்லுப்பு. அதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ஏற்காட்டார் (10.02)
என் மாமா ஆர்ட்டீமியா பொரிக்கிற உப்பையும் தொட்டி உப்பையும் குழப்பிக்கொள்கிற ஆள் இல்லை. செத்துப்போன மனிதரைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் தங்கச்சி.

மக்னீசியம் வேண்டுமாம் மக்னீசியம். ரயிலில் சேலத்துக்குள் வரும்போது ஜன்னல் வழியாக வெள்ளை வெளேரென்று தெரிகிற சுண்ணாம்புக்கரடு என்னவாம்? மேக்னசைட் வெட்டி எடுக்கிற மண்ணில் இருந்துகொண்டு மக்னீசியத்தை வெளிநாட்டிலிருந்து டப்பாவில் வாங்குகிறீர்கள். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் இல்லாத மக்னீசியமா?

எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள். பங்குனியில் இரண்டு கடல்குதிரை வந்தன. ஆணும் பெண்ணும். சாமான் அறையை ஒழித்துவிட்டு அங்கே தொட்டி. மாமா காப்பித் தோட்டத்திலிருந்து வந்ததும் காலைக்கூடக் கழுவாமல் அதன் முன்னால் போய் உட்காருவார். வால் நுனியால் பிளாஸ்டிக் செடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணால் அவரையும் இன்னொரு கண்ணால் தீனியையும் பார்க்கும். கடலூர்ப் பக்கத்திலிருந்து மீன் லாரியில் மாதம் இரண்டு கேன் உயிர்க் கூனி இறால் வரும். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி வந்தபின் பாதி செத்திருக்கும். மீதியைக் கேனோடு தொட்டியில் கவிழ்ப்பார். கடல்குதிரைக்கு இரைப்பையே கிடையாது, தின்றது அப்படியே போய்விடும், ஒரு நாளைக்கு மூன்று தடவை போட்டாக வேண்டும்.

ஆடியில் ஒரு நாள் விடியற்காலை என்னை எழுப்பினார். வெளியே ஒன்றும் தெரியாத மூடுபனி. குண்டு பல்பு வெளிச்சத்தில் ஆண் குதிரை குனிந்து குனிந்து நிமிர்கிறது. ஒவ்வொரு குனிவுக்கும் வயிற்றுப் பையிலிருந்து பத்துப் பதினைந்து குட்டி. கமா போட்ட மாதிரி இருக்கும், ஆனால் அச்சு அசல் குதிரை. மாமா எண்ண ஆரம்பித்து எண்பதில் விட்டுவிட்டார். அவ்வளவு சின்ன வாய்க்கு எங்களிடம் தீனி இல்லை. நாலாம் நாள் ஒன்றும் இல்லை. மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. பெரியது மார்கழி வரை இருந்தது. ஹீட்டர் கெட்ட ராத்திரியில் போனது, அதற்கும் உப்புக்கும் சம்பந்தம் இல்லை.

பங்குனியிலிருந்து மார்கழி. ஒன்பது மாதம். கல்லுப்பு.

நீலத்தொட்டி (10.09)
அந்தக் கூனி வந்த கேனில் இருந்தது கடல் தண்ணீர்தானேங்க? மாதம் இரண்டு கேன் என்றால்...

சூரமங்கலம் சால்ட்டு (10.21)
நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. என் கோமாளி மீன் ஜோடி மண்சட்டிக்குள் முட்டை வைத்தபோது ஏழு நாள் நானும் இப்படித்தான் தூங்கவில்லை. அப்பன்காரன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தான். ஏழாம் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு பொரிந்தன. மூன்றாம் நாள் எல்லாம் அடியில். அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி ஆகிவிடும்.

ஆனால் விஷயத்துக்கு வருவோம். பங்குனியில் எந்தத் தேதி? பங்குனிக் கடைசியில் வந்து மார்கழி முதல் வாரம் போயிருந்தால் அது எட்டு மாதம். எட்டை ஒன்பது என்று எழுதுகிறவர் வேறு எதை எதைக் கூட்டியிருப்பார்?

சுண்ணாம்புக்கரடு பற்றி: மேக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட், தண்ணீரில் லேசில் கரையாது. நம் போர் தண்ணீர் சோப்பு நுரைக்காத அளவுக்குக் கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதில் மக்னீசியம் பெரும்பாலும் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம்தான். கடலுக்கு 1300. அப்படியே ஊற்றினால் நைட்ரேட்டும் சேர்ந்து வந்து பாசிதான் மண்டும். நான் ஆர்ஓ தண்ணீரில்தான் உப்புக் கரைக்கிறேன். மேட்டூர்த் தண்ணீரைக் குளோரின் எடுக்காமல் ஒரு தடவை ஊற்றியதற்கு நான் கொடுத்த விலை இரண்டு டேம்சல் மீன். டேம்சலே செத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாகாது. ஏற்காட்டாருக்குக் கைதட்டிய பதினோரு பேரில் ஒருத்தர் குறையக் குறைய உப்புத் தண்ணீரே ஊற்றிவிட்டு, மீன் ஏன் ஓரத்தில் ஒண்டுகிறது என்று என்னிடம் தனியாகக் கேட்டார். அடர்த்தி 1.025 இருக்க வேண்டிய இடத்தில் 1.034. பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

கொண்டலாம்பட்டி கப்பீஸ் (10.24)
பெயர் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. ஆமாம், நான்தான். அதற்கு முன்னால் நீங்கள் விற்ற ஸ்கிம்மர் ஒழுகி ஹால் முழுக்க உப்புத் தண்ணீர். மரப்பலகை உப்பிப் போய் அம்மா என்னை வெளியே தள்ளாத குறை. அதனால்தான் நான் கப்பீஸுக்கே போனேன். அதையும் எழுதுங்கள்.

சூரமங்கலம் சால்ட்டு (10.27)
ஸ்கிம்மர் ஒழுகவில்லை, நீ வாஷரைத் திருப்பிப் போட்டாய்.

பரங்கிப்பேட்டையில் படித்தவள் (10.35)
சண்டை போடுங்கள், நடுவில் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல்குதிரை கிடைக்குமா என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். 2001-ல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். பிடித்தாலும் விற்றாலும் வைத்திருந்தாலும் வழக்கு. பவளப்பாறையும் அப்படித்தான். ராமநாதபுரம் கரையில் காயவைத்த கடல்குதிரையோடு ஆட்கள் பிடிபடுகிற செய்தி அடிக்கடி வருகிறது. ஆசை இருந்தால் பண்ணையில் பொரித்த கோமாளி மீனோடு ஆரம்பியுங்கள். கடலில் பிடித்ததைவிடத் தொட்டிக்குப் பழகியது.

ஏற்காட்டார் (10.41)
1998 என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம். சூரமங்கலம் தம்பி தொட்டியில் போட்டோவுக்குப் போட்டோ பவளப்பாறை பளபளக்கிறதே, அதற்கு எந்த அட்டவணை?

சூரமங்கலம் சால்ட்டு (10.46)
அது செராமிக். பில் இருக்கிறது. உங்கள் மாமா உப்புக்குப் பில் இருக்கிறதா?

ஏற்காட்டார் (10.50)
செவ்வாய்ப்பேட்டையில் மூட்டையாக எடுத்த உப்புக்கு எவன் பில் கொடுப்பான்? ஒன்பது மாதம் இருந்தது. இல்லை என்று நிரூபியுங்கள்.

சூரமங்கலம் சால்ட்டு (10.58)
எட்டு. நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஒரு போட்டோ உண்டா? அடர்த்தி அளந்தாரா? எதில் அளந்தார்? நாக்கிலா? 1998-ல் ஏற்காட்டில் உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருந்த ஒரே ஆள் உங்கள் மாமா என்றால் அவருக்குச் சிலையே வைக்கலாம். நான் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து லிட்டர்த் தொட்டியில் கல்லுப்புப் போட்டுக் கால்சியம், மக்னீசியம், கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) எல்லாம் டெஸ்ட் கிட்டில் அளந்து படத்தோடு போடுகிறேன். மீன் விட மாட்டேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

ஏற்காட்டார் (11.03)
மீன் விடாமல் எப்படித் தெரியும் செத்ததா பிழைத்ததா என்று? தண்ணீரை அளக்கிறவர்களுக்கு மீன் வளர்க்க நேரம் எங்கே. மாமா நாக்கில்தான் அளந்தார். அந்த நாக்கு காப்பிக்கொட்டைக்கு விலை சொன்ன நாக்கு.

நீலத்தொட்டி (11.06)
மன்னிக்கவும், கடைசியாக ஒன்று. 100 லிட்டருக்குக் கல்லுப்பு எத்தனை கிலோ போட வேண்டும்? லிட்டருக்கு 35 கிராம் என்றால் மூன்றரை கிலோ சரியா? நாளைக்குக் கடைக்குப் போகிறேன்.

சூரமங்கலம் சால்ட்டு (11.07)
தம்பி, இவ்வளவு நேரம் என்ன படித்தாய்? இங்கே கரண்ட் போய்விட்டது, பேட்டரிக் காற்று மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன். கல்லுப்பு விஷயம் இன்னும் முடியவில்லை. யாரும் திரியை மூடிவிடாதீர்கள்.

ஏற்காட்டார் (11.09)
இங்கே கரண்ட் இருக்கிறது. ஒன்பது மாதம்.

கொண்டலாம்பட்டி கப்பீஸ் (11.10)
வாஷரைத் திருப்பியெல்லாம் போடவில்லை. போட்டோ இருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன்.