பழைய றெக்சின் செற்றி: அதே மாதிரித் துணி இப்ப எடுக்கலாமோ?

மாங்குளத்தாள்:
எங்கட விறாந்தையில ஒரு செற்றி, நீட்டுக் குசன் கதிரை, கிடந்தது. தேக்குச் சட்டம், மேல தோல் மாதிரிக் கடும் மண்ணிற றெக்சின் துணி. சித்திரை வெக்கையில சட்டையைத் தூக்கிக்கொண்டு இருந்திட்டு எழும்பினா, தொடை பறபறவெண்டு உரிஞ்சுகொண்டு வரும். அம்மம்மா பழைய சாறமொண்டு விரிச்சு விடுவா. ஓரம் கிழிஞ்சபோது, அது சண்டைக்காலப் பொருளாதாரத் தடை நேரம், அப்பா சைக்கிள் ரியூப் துண்டை வெட்டி, அரத்தால உராய்ஞ்சு, சொலூசன் பூசி ஒட்டினவர். நான் அந்தத் துண்டின்ர விளிம்பை நகத்தால கிளப்பி உள்ளுக்குள்ள இருந்து தும்பு இழுப்பன். எத்தினை ஏச்சு வாங்கியிருப்பன்!

2008 இல இடம்பெயரேக்க உழவு இயந்திரப் பெட்டியில ஏத்தினம். விசுவமடுவுக்கு அங்கால கொண்டுபோக முடியேல்லை.

இப்ப அப்பாவுக்கு அதே மாதிரி ஒண்டு செய்விக்கிறன். கடையில காட்டுறதெல்லாம் மெல்லிசு, ஒரே மினுக்கம். அந்தத் தடிப்பும் தோல்வரியும் உள்ளது எங்க கிடைக்கும்?

குசன் வேலைக்காரன், வவுனியா:
தங்கச்சி, றெக்சின் எண்டது முதல்ல இங்கிலாந்தில, மான்செஸ்டருக்குக் கிட்ட ஹைட் எண்ட ஊரில செய்த துணி. பருத்தித் துணிக்கு மேல நைட்ரோசெலுலோசு எண்ட பழைய காலப் பிளாஸ்ரிக் பூச்சு; இளக்கத்துக்குக் கற்பூர எண்ணெய். பிறகு வேற பிளாஸ்ரிக் பூசினதையும் றெக்சின் எண்டுதான் சொல்லுறது; உங்கட வீட்டில இருந்தது அநேகமா பிவிசி பிளாஸ்ரிக் பூசினதாத்தான் இருக்கும். பிவிசியை இளக்கிற பதார்த்தம் வருசக்கணக்கில கொஞ்சங் கொஞ்சமா வெளியேறும். பிறகு விறைச்சு வெடிக்கும். வெய்யில் படுற விறாந்தையெண்டா இன்னும் கெதி.

மினுக்கத்தைப் பாராதேங்கோ, துணியைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கோ. நெசவுத் துணி அடியெண்டா இழுபடாது, பழைய செற்றி மாதிரி இறுக்கமா நிக்கும். பின்னல் அடி இழுபடும். வளைஞ்ச மூலைக்குத்தான் அது நல்லம்.

பரந்தன் அக்கா:
ரியூப் துண்டெண்டதும் எனக்கு அந்தச் சொலூசன் மணம் வந்திட்டுது பிள்ளை. எங்கட செற்றி சிவப்பு. ஆரும் வந்தா அம்மா துவாயால ஒருக்காத் துடைச்சுப்போட்டுத்தான் இருக்கச் சொல்லுவா. எங்களுக்குக் கீழ பாய்தான். 2010 இல திரும்பிப் போய்ப் பார்த்தா, வீட்டில ஒரு கதிரைக்கால்கூட இல்லை. நீங்கள் செய்து குடுங்கோ. என்னெண்டு வேணுமெண்டு அப்பாவையே கேளுங்கோ.

மாங்குளத்தாள்:
கேட்டன் அக்கா. நிறத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லையாம். கைபிடி அகலமா இருக்கோணும், தேத்தண்ணிக் கோப்பை வைக்கக் காணோணும். அண்ணை, நெசவு அடி உள்ளதுதான் எடுக்கிறன். சனிக்கிழமை அப்பாவோட வவுனியா வாறன், கடை திறந்திருக்குமோ?